அது கடை, இது கணக்கு

'ராமு கடைக்குச் சென்றான். அங்கே பழம் வாங்கினான்.' வாசிப்பு அட்டையில் இவ்வளவுதான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தாள். 'சென்றான்' என்கிற இடத்தில் திணறி, செ, ன், றா, ன் என்று தனித்தனியாகச் சொல்லி, பிறகு சேர்த்து, சரியாகவே உச்சரித்துவிட்டாள். கையிலிருந்த தாளில் 'எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். அப்போதுதான் கேட்டாள்: 'சென்றான்ங்கிறது யாருண்ணே? ராமுவோட தம்பியா?'

2022. பெருந்தொற்று முடிந்து பள்ளிகள் திறந்திருந்தன. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், மாலை ஆறு மணிக்குக் கூடுகிற பிள்ளைகளுக்கு நான் வாசிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் முதுகலை படித்தவன், விமர்சனக் கட்டுரை எழுதுகிறவன், 'பிரதி' என்றும் 'வாசகன்' என்றும் பேசுகிறவன், இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. அவள் ஊகத்தில் தர்க்கம் உண்டு. அந்த அட்டையில் ராமு யாரென்றும் அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒருவன் இருக்கும்போது தெரியாத இன்னொருவன் இருக்கக் கூடாதா? அவள் வீட்டில் யாரும் எங்கும் 'செல்வது' இல்லை. போவார்கள், வருவார்கள், ஓடிப்போவார்கள்கூட. சென்றதில்லை.

தாளில் போட்ட டிக் மட்டும் அப்படியே இருந்தது. இந்தக் கட்டுரை அந்த டிக்கைப் பற்றியதுதான்.

'ஆராய்ச்சி அடிப்படையிலான கற்பித்தல்' என்கிற சொல்லாடல் இன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது, அமைச்சர்கள் பேச்சில் இருக்கிறது, தனியார் பள்ளி விளம்பரத் தட்டியிலும் இருக்கிறது. சிறுபத்திரிகை வட்டத்தில் இதற்கு ஒரு தயார்நிலைப் பதில் உண்டு. அறிவு என்பது அதிகாரம். அளப்பது என்பது கண்காணிப்பது. ஆகவே ஆராய்ச்சி என்பது குழந்தையின் உடலை வசப்படுத்தும் உத்தி. முடிந்தது கதை. நானும் இப்படி எழுதியிருக்கிறேன். சுமார் பத்து வருஷத்துக்கு முன் ஒரு கட்டுரையில் பள்ளிக்கூடத்தைச் சிறைச்சாலை என்றேன், அரிச்சுவடியை வன்முறை என்றேன். ஃபூக்கோ பெயர் நான்கு இடத்தில் வந்தது. ஒரு குழந்தை ஒரு இடத்திலும் வரவில்லை.

ஃபூக்கோவைக் கைவிடச் சொல்லவில்லை. அவர் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் பேசுகிற ஒரு விஷயம் நம் திண்ணையிலிருந்து போனது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம் என்கிறேன். மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் பாடம் நடத்தி, முழு வகுப்பையும் ஒரு யந்திரம்போல ஓட்டுகிற முறையை அவர் விவரிக்கிறார். இந்த முறை உலகமெங்கும் 'மதராஸ் முறை' என்று பெயர் வாங்கியது. ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். வெள்ளைச் சிப்பாய்களுக்கும் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள் இருந்த விடுதி. ஒருநாள் வழியில், நம் பிள்ளைகள் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். விடுதியிலும் மணலைக் கொண்டுவரச் சொன்னார். வாத்தியார்கள் முடியாது என்றார்கள். பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்பது அவன் பெயர். நம்மூர்ப் பாஷையில் சட்டாம்பிள்ளை. 1797இல் பெல் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தலைப்பிலேயே 'பரிசோதனை' என்ற சொல் இருந்தது. 1811இல் தொடங்கிய இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம் அந்த முறையை ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டது. இதை முதலில் கண்டுபிடித்தது பெல்லா, ஜோசப் லங்காஸ்டரா என்று அங்கே பெரிய சண்டை நடந்தது. மணலைப் பரப்பிய தமிழ் வாத்தியாரின் பெயர் அந்தச் சண்டையில் இரண்டு பக்கத்திலும் கிடையாது.

ஆக, 'கல்விப் பரிசோதனை' என்ற சொல்லோடு நம் உறவு இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. இதை வைத்துத் திண்ணைப் பள்ளிக்குக் கோயில் கட்டக் கிளம்பிவிடக் கூடாது. அந்தத் திண்ணையில் தலித் பிள்ளை ஏறியிருக்க முடியாது. ஏறிய பிள்ளைக்கும் கோதண்டம் உண்டு, பிரம்பு உண்டு. பெல்லின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு ஜனங்களின் நடைமுறையிலிருந்து ஆராய்ச்சி எதையோ எடுக்கிறது. எடுத்தபோது எதை விட்டுவிட்டு வந்தது என்பதுதான் கேள்வி. பெல் மணலை எடுத்தார், சட்டாம்பிள்ளையை எடுத்தார். மணலில் எழுதப்பட்ட மொழியை விட்டுவிட்டார். அவருக்கு அது தேவையில்லை. நமக்கு?

நம் தரப்பின் மறுபாதிக்கு வருகிறேன். நண்பர்கள் கோபிக்கக் கூடாது.

பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிக்கோஸ் ஊரில் 300 கூலித் தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அடுத்த ஆண்டு ராணுவ ஆட்சி வந்தது, அவரைச் சிறையில் போட்டது, நாடு கடந்து போக வைத்தது. கற்கிறவனின் வாழ்க்கையிலிருந்து சொல்லை எடு, அந்தச் சொல்லிலிருந்து எழுத்தை எடு, எழுத்தோடு சேர்த்து உலகத்தையும் வாசி. இந்தக் காற்று 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கமாக எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் படித்த காலம். என் அம்மாவும் ராத்திரி வகுப்புக்குப் போனாள். அவள் முதலில் எழுதிய சொல் 'பட்டா' என்பாள். எங்களுக்குப் பட்டா கிடையாது. அதனால்தான் எழுதினேன் என்பாள்.

அம்மா சொன்ன இன்னொரு சம்பவம்தான் என்னைத் தொந்தரவு செய்வது. வகுப்பெடுத்த இளைஞர் நல்ல மனுஷர், தொண்டர். 'நீங்க பேசற மாதிரியே எழுதுங்கம்மா, அதுதான் உங்க தமிழ்' என்றிருக்கிறார். மற்றவர்கள் எழுதினார்கள். அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாளாம். 'பேசுறத எழுதறதுக்கா தம்பி, நாள் முழுக்க நாத்து நட்டுட்டு ராத்திரி இங்க வந்து உக்காந்திருக்கேன்? தாசில்தார் ஆபீசுல இருக்குற தமிழச் சொல்லிக் குடு.'

இதைப் பல வருஷம் அம்மாவின் அறியாமை என்று நினைத்திருந்தேன். ஆதிக்க மொழியை உள்வாங்கிக்கொண்ட விளிம்புநிலை மனம் என்று ஒரு கூட்டத்தில் உதாரணமாகவே பேசினேன், அம்மாவை. 1988இல் அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் எழுதிய கட்டுரையைப் பின்னால்தான் படித்தேன். முற்போக்கு வெள்ளை ஆசிரியர்கள் கறுப்புப் பிள்ளைகளிடம் 'உன் குரலில் எழுது, இலக்கணம் தானாக வரும்' என்கிறார்கள். யாருக்குத் தானாக வரும்? அதிகாரத்தின் மொழி வீட்டிலேயே புழங்குகிற பிள்ளைக்கு வரும். மற்றப் பிள்ளைக்கு அந்த மொழியின் விதிகளை வெளிப்படையாக, திட்டமாக, சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் இருப்பது சுதந்திரம் என்ற பெயரில் கதவைச் சாத்துவது. டெல்பிட் சொன்னது இதுதான். என் அம்மா 1991வாக்கில் லாந்தர் வெளிச்சத்தில் சொன்னதும் இதுதான்.

வட்டார வழக்கைக் கொண்டாடுகிற நம் இலக்கியத்துக்கும் இது பொருந்தும். 'கருக்கு' 1992இல் வந்தபோது எழுத்துத் தமிழின் முதுகெலும்பு கொஞ்சம் நொறுங்கியது உண்மை. ஆனால் அதை நொறுக்கிய பாமா ஒரு பள்ளி ஆசிரியை. சாக்பீஸ் பிடித்த கை அது. எழுத்து வழக்கு தன் வசம் இருப்பவர்தான் அதை வேண்டாமென்று வீச முடியும். வசப்படாத குழந்தையிடம் போய் 'வீசு' என்று சொல்ல நாம் யார்?

இனி கொஞ்சம் எழுத்துக்குள் போகலாம். இலக்கியக்காரர்கள் பொதுவாக இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். வேண்டாம், சுவாரஸ்யமான பகுதியே இதுதான்.

வாசிப்பு பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆங்கிலத்தை வைத்து நடந்தது. 26 எழுத்து, ஒழுங்கில்லாத உச்சரிப்பு. அங்கே எழுந்த சண்டைகளை (ஒலியிலிருந்து தொடங்குவதா, முழுச் சொல்லிலிருந்து தொடங்குவதா) அப்படியே இங்கே இறக்கிப் பயிற்சி கொடுக்கிறவர்களும் உண்டு. தமிழ்க் குழந்தையின் கஷ்டம் வேறு ஜாதி. 247 என்று எண்ணிக்கை சொல்லிப் பயமுறுத்துவது பழைய பல்லவி. எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரே உயிர் மெய்யின் இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. 'கௌ' வந்தால் அது ஒளகாரக் குறியா, ளகரமா என்று வளர்ந்த ஆளே தடுமாறுவான். உகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: கு, சு, டு, து, பு. ஐந்துக்கும் ஒரே ஒலி மாற்றம், எழுத்தில் ஐந்துக்கும் ஒரே குறி இல்லை. பெரியார் 1935இல் 'குடிஅரசு' பத்திரிகையில் புகுத்திய சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வழிக்கு வந்தன. உகர, ஊகார வரிசைகள் தப்பித்துவிட்டன. அந்தப் பாரத்தை ஐந்து வயதுப் பிள்ளை சுமக்கிறது. இன்னொன்று: கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க'. காதில் மூன்று ஒலி.

கன்னடத்தில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளை வைத்து சோனாலி நாக் செய்த ஆய்வு 2007இல் வந்தது. அட்சர எழுத்துமுறையில் எழுத்துகளைப் பிடிப்பது ஓராண்டு வேலை இல்லை, நான்காம் வகுப்புவரை நீள்கிறது என்று காட்டினார். கன்னடத்துக்குச் சொன்னதில் பெரும்பகுதி நமக்கும் பொருந்தும். இதை ஒரு சாதாரண ஆரம்பப் பள்ளி ஆசிரியை அனுபவத்தில் அறிவார். ஆனால் அவருடைய அனுபவத்துக்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.

சரி, எழுத்தைப் பிடித்தாயிற்று. அப்புறம்? கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் ஒரு எளிய சூத்திரம் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்துக் கூட்டும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்குத்தொகை. கூட்டுத்தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எங்கள் தெருப் பெண் 'சென்றான்' என்பதைக் கூட்டிவிட்டாள். அந்தச் சொல் அவள் காதில் ஒருபோதும் விழுந்ததில்லை. டேவிட் ஷேர் 1995இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: குழந்தை ஒரு சொல்லை ஒலித்துப் பார்க்கிறது, தனக்குத் தெரிந்த சொல்லோடு அது பொருந்துகிறது, 'அட, இதுவா!' என்கிறது, இப்படித்தான் தனக்குத்தானே வாத்தியாராகிறது. 'அட, இதுவா' நிகழ வேண்டுமானால் 'இது' முதலிலேயே வீட்டில் இருந்திருக்க வேண்டும். அரபு மொழியிலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே நம்முடையதுபோலவே பெரிய பள்ளம் உண்டு. பேச்சு வழக்கில் இல்லாத ஒலிகள் வருகிற எழுத்து வழக்குச் சொற்களில் குழந்தைகள் அதிகம் தடுமாறுவதை எலினோர் சையக்-ஹத்தாத் ஆய்ந்து எழுதியிருக்கிறார். தமிழின் இரட்டை வழக்கைப் பற்றி பிரான்சிஸ் பிரிட்டோ 1986லேயே தனிப் புத்தகம் போட்டார். நாங்கள் முதுகலையில் இரட்டை வழக்கு என்பதற்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதினோம். ஒன்றாம் வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்த அட்டையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 'போனான்' என்று எழுதியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? 'போனான்' பேச்சு மொழிக் கொச்சை இல்லை. இலக்கணத்துக்கு உட்பட்ட, நல்ல, பழைய தமிழ்ச் சொல். பேச்சிலும் இருக்கிறது, எழுத்திலும் இருக்கிறது. 'சோறு' சங்கப் பாட்டில் இருக்கிறது. ஆனால் பாட அட்டையில் 'உணவு' உண்ணுகிறார்கள். திங்கிறவர் யாரும் இல்லை. இந்தத் தேர்வைச் செய்வது இலக்கணமா? இல்லை. 'சோறு' என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஒரு நாகரிகம். அதன் ஜாதியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் பொதுவான நிலம் தமிழில் விரிந்து கிடக்கிறது: வீடு, மாடு, பழம், நாய், வந்தான், போனான், ஓடினான், பார்த்தான். அந்த நிலத்தில் குழந்தையை ஓராண்டு காலாற நடக்கவிட்டு, பிறகு 'சென்றான்' என்கிற மேட்டுக்கு, இது மேடு என்று சொல்லியே ஏற்றலாம். நான் கேட்பது கொச்சையை இல்லை. வரிசையைக் கேட்கிறேன். எழுத்தின் வடிவத்தை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லை அப்படி அடுக்கத் தெரியாமல் போனது எப்படி?

எழுத்து அடுக்கு என்றதும் செயல்வழிக் கற்றல் ஞாபகம் வருகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. வேர் ஆந்திரத்து ரிஷி வேலியில். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் தரைக்கு இறங்கினார், கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு வந்தது. இதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தரையில் உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை. அட்டை, ஏணி, அவரவர் வேகம். என் தங்கை அதில்தான் படித்தாள். ஏணியில் தன் படத்தைத் தேடி, தன் அட்டையை எடுத்து, தன் மூலையில் போய் உட்காருவாளாம். 'பேசறதுக்குத்தான் அட்டையே இல்ல' என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். மொழி என்பது இன்னொருவரோடு நடக்கிற காரியம் என்பதை ஏணி மறந்துவிட்டது.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புவரை, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டார்கள். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. வயதைப் பார்க்காமல், வந்திருக்கிற நிலையைப் பார்த்துப் பாடம் நடத்துவது என்கிற யோசனைக்கு வலுவான ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. பிரதம் நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் பல ஆண்டு செய்த சமவாய்ப்பு ஆய்வுகள் அதைத்தான் சொல்கின்றன. 2019இல் இவர்களுக்கும் மைக்கேல் கிரெமருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இந்த யோசனையை நான் எதிர்க்கவில்லை. மொட்டு என்று சொல்லப்பட்ட குழந்தை எதில் மொட்டு என்று கேட்கிறேன்.

கணக்குக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு அண்ணன் ஒருவன், ஏழாம் வகுப்பு. சாயங்காலம் அவர்கள் அப்பாவின் முட்டைக் கடையில் நிற்பான். ஒரு நாள் பன்னிரண்டு முட்டை கேட்டேன். அன்றைக்கு ஒன்று ஆறு ரூபாய் ஐம்பது காசு. மேலே பார்த்தான், அவ்வளவுதான்: 'சோடி பதிமூணு. மூணு சோடி முப்பத்தொம்போது. அது ரெண்டு தடவ. எழுபத்தெட்டுண்ணே.' மறுநாள் தாழ்வாரத்தில் அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 6.50ஐ மேலே, 12ஐக் கீழே. இரண்டால் பெருக்கி 13.00 எழுதினான். ஒன்றால் பெருக்கி 6.50 எழுதினான், ஒரு இடம் தள்ளாமல் நேர் கீழே. கூட்டினான். 19.50. 'பத்தொம்பது ரூபா அம்பது காசுக்குப் பன்னெண்டு முட்ட குடுப்பியாடா?' என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தான். 'அது கடைண்ணே. இது கணக்கு.'

1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் டெரெசின்யா காராஹர், டேவிட் காராஹர், அனலூசியா ஷ்லீமான் ஆகியோர் தெருவில் விற்கிற ஐந்து குழந்தைகளிடம் இதையேதான் பார்த்தார்கள். கடையில் வைத்துக் கேட்ட 63 கணக்குகளில் 98.2 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளோடு கொடுத்தால் 36.8 சதவீதம். ஒரு இளநீர் 35 குருசெய்ரோ என்றால் பத்து எவ்வளவு என்றதற்குப் பன்னிரண்டு வயதுப் பையன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று 105, இன்னொரு மூன்று 210 என்று போய் 350க்கு வந்து சேர்ந்தான். எங்கள் முட்டைக்கடைப் பையனின் சோடிக் கணக்குக்கு அண்ணன் முறை.

இதைப் படித்த நம் ஆட்கள் உடனே கொண்டாட ஆரம்பித்தார்கள். மக்கள் கணிதம், மாற்றுக் கணிதம், தெருவே பள்ளிக்கூடம். நானும் கொண்டாடினேன். நம் மரபிலும் இதற்குத் தீனி நிறைய. எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று. கால், அரைக்கால், மாகாணி என்று எட்டிலொன்றையும் பதினாறிலொன்றையும் நாக்கில் வைத்திருந்த ஜனம். திண்ணைப் பள்ளியின் மனக்கணக்கு, நிலம் அளக்கிறவனோடும் கூலி அளக்கிறவனோடும் எப்படிப் பின்னிக் கிடந்தது என்று செந்தில்பாபு 2022இல் வந்த தன் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மரக்கால் யார் கையில் இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தேதான்.

ஆனால் கொண்டாட்டத்தில் மண்ணை அள்ளிப் போட்ட ஆய்வு ஒன்று 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. எழுதியவர்களில் அதே பானர்ஜி, அதே டுஃப்லோ. கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்கிற 1,436 குழந்தைகள், பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிற, சந்தை அனுபவம் இல்லாத 471 குழந்தைகள். சந்தைக் குழந்தைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனதிலேயே போட்டார்கள், பள்ளிக்கூடத்து எளிய கணக்கில் விழுந்தார்கள். பள்ளிக் குழந்தைகள் தாள் கணக்கில் பரவாயில்லை. ஆனால் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட சந்தைக் குழந்தைகள் சரியாகப் போட்ட ஒரு சந்தைக் கணக்கை அவர்களில் ஒரு சதவீதம் பேர்தான் போட்டார்கள்.

இந்த முடிவு இரண்டு தரப்பையும் அடிக்கிறது. பள்ளிக்கூடம் சொல்லித் தருவது வாழ்க்கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஒரு அடி. தெரு சொல்லித் தருவது தானாகப் பள்ளிக்கூடத்துக்கு வராது என்பது இன்னொரு அடி. இது நமக்கு. பாலம் தானாக முளைக்கும் என்று இரண்டு கரையிலும் உட்கார்ந்திருந்தோம். முட்டைக்கடைப் பையனிடம் 'உனக்கு எல்லாம் தெரியும்டா' என்று தட்டிக்கொடுத்துவிட்டு நான் கட்டுரை எழுதப் போய்விடலாம். பத்தாம் வகுப்பில் அவனுக்கு வருவது கணக்கு, கடை இல்லை. அவன் சோடி சோடியாகச் செய்ததும் தாளில் ஒரு இடம் தள்ளி எழுதுவதும் ஒரே காரியத்தின் இரண்டு எழுத்து வழக்குகள் என்று யாராவது உட்கார்ந்து, நேரம் எடுத்து, காட்ட வேண்டும். காட்டினேன். 12 என்பது பத்தும் இரண்டும். பத்து முட்டை எவ்வளவு? அறுபத்தஞ்சு. ரெண்டு? பதிமூணு. தாளில் உன் 6.50 எங்கே நிற்கிறது, அறுபத்தஞ்சு எங்கே? மூன்று சாயங்காலம் ஆயிற்று. இதற்கும் அந்தத் தாளில் கட்டம் இல்லை.

நிலை வாரியாகப் பிரிப்பது பற்றிய ஆய்வு நிர்வாகத்துக்குச் சௌகரியமானது. பட்டியல் போடலாம், மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிடலாம். சந்தை பற்றிய ஆய்வு சௌகரியமானது இல்லை. அது கேட்பது ஆசிரியரின் நேரத்தை, குழந்தையின் வீட்டைப் பற்றிய அறிவை. பெல் மணலை எடுத்துக்கொண்டு போன மாதிரிதான், நிர்வாகமும் ஆய்விலிருந்து பட்டியலை எடுத்துக்கொண்டு போகிறது.

இதைச் சொன்னதும் 'பார்த்தாயா, எண்களே எதிரி' என்று நண்பர்கள் கிளம்பிவிடுவார்கள். அதற்கும் நான் இல்லை. 2022 அசர் அறிக்கையில், தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் என்று வந்தது. 2018இல் 10.2. அந்தப் பத்தியில் எத்தனை 'சென்றான்' இருந்திருக்கும் என்று என் புத்தி கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணே இல்லாமல் போனால் யாருக்கு லாபம்? வாசிக்கத் தெரியாத பிள்ளை அவளுடைய தலையெழுத்தாகிவிடுவாள், வேறு யாருக்கும் பொறுப்பு இருக்காது. கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் செய்த ஆய்வில், பெருந்தொற்றுக் காலப் பின்தங்கலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், மீட்சியில் கிட்டத்தட்ட கால்பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் என்றும் கணக்கிட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்காலம் தோறும் உட்கார்ந்த பெண்களின் உழைப்பு அந்த எண் இல்லாவிட்டால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. எண்ணை வீசி எறிகிற ஆடம்பரம், சென்றான் யாரென்று வீட்டிலேயே தெரிந்த பிள்ளைகளின் அப்பாக்களுக்குத்தான் கட்டுப்படியாகும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மகளுக்கு நான் கதை வாசித்துக் காட்டுகிறேன், எழுத்து வழக்கிலேயே.

தாழ்வாரத்தில் அப்புறம் ஒரு நோட்டு வைத்தோம். இடப் பக்கம் அவள் சொல்வது, சொன்னபடியே. வலப் பக்கம் அதையே ஏட்டுத் தமிழில், நான் சொல்ல அவள் எழுதுவது. 'எங்கப்பா கடக்கிப் போனாரு', 'என் அப்பா கடைக்குப் போனார்.' எது மாறியது, எது மாறவில்லை என்று அவளே கோடு போடுவாள். சில நாள் நன்றாக நடந்தது. சில நாள் நோட்டையே கொண்டுவர மாட்டாள். இதை முறை என்று அழைக்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு தாண்டிவிட்டாள். போன மாதம் ஒரு கட்டுரை நோட்டோடு வந்தாள். ஊர்த் திருவிழா பற்றி ஒன்றரைப் பக்கம், எனக்கே பொறாமையாக இருந்தது. மூன்றாவது வரியில் 'அப்பா எங்களை அழைத்துக்கொண்டு போனார்' என்றிருந்தது. 'போனார்' சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, மேலே 'சென்றார்' என்று எழுதப்பட்டிருந்தது. கீழே 'சோறு' என்பதற்கும் அதே கதி.

'எதுண்ணே சரி?' என்றாள்.

ரெண்டும் சரிதான் என்றேன்.

'அப்ப மார்க்கு?'